நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகளில் ஒரு தேடல் கருவி

ஒரு வரிக்கு மேல் விளக்கித் தீர வேண்டிய பொருள் எதுவும் இந்தப் பூமியில் இதுவரை உண்டாக்கப்படவில்லை. இந்த உண்மையை மோகன்குமார் தன் பதினாறாவது வயதில் கண்டுபிடித்தான். இருபத்திரண்டாவது வயதுவரை அதற்கு எங்கிருந்தும் மறுப்பு வரவில்லை.

நிரூபணம் அவன் வீட்டு வாசலிலேயே நின்றது. அவன் அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஒன்று உண்டு. ஊரில் மற்ற ரிக் வண்டிகளின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், மூன்று தலைமுறையின் பெயர்கள், ஒரு புலி, இரண்டு மயில்கள் எல்லாம் இருக்கும். தண்ணீரைப் பற்றிய தகவல் மட்டும் இருக்காது. மோகன்குமார் பெயிண்டரைக் கூப்பிட்டுத் தங்கள் வண்டியில் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "ஆறரை இன்ச், ஆயிரம் அடி வரை, பாறையிலும் போடும், வண்டி நுழைய வழி வேண்டும்." வண்டி என்ன செய்யும், எதுவரை செய்யும், அதற்கு என்ன வேண்டும், எங்கே வராது. நான்கும் ஒரே வரியில். அடுத்த மாதமே இரண்டு பேர் கூடுதலாகக் கூப்பிட்டார்கள். அது கோடை என்பதை மோகன்குமார் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் அவன் எழுத்துக்களைத் திருத்துகிறவனாக ஆகிப்போனான். கல்லூரி ஆண்டு விழா அழைப்பிதழைக் கேன்டீனில் வைத்துப் பேனாவால் அடித்து அடித்து, கடைசியில் தேதியும் நேரமும் மட்டும் மிஞ்சும்படி செய்வான். இருபது நிமிட வரவேற்புரை ஒன்றை 'வாங்க' என்று சுருக்கிக் கொடுத்தான். ஒருநாள் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது நண்பர்கள் முன்னால் வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி, எந்த மனிதனின் பெயருக்கு முன்னாலாவது இந்த விரல் ஓர் அடைமொழி எழுதினால் அன்றைக்கே அதை வெட்டிப் போட்டுவிடுவேன் என்று அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவன் அவ்வளவு தீவிரமாகச் சொன்னான்.

படிப்பு முடிந்த ஜூன் மாதம் ஓசூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்கு எடுத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் அசலோடு வர வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார் என்று மின்னஞ்சல் வந்தது. அது ஒரே வரி. அந்தக் கம்பெனியை அவனுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அவன் அப்பாவிடமும் ஒரே வரிதான் இருந்தது. திங்கள் ஓசூர், இல்லையென்றால் செவ்வாய் ராய்ச்சூர். ரிக் வண்டி எட்டு மாதத்துக்குக் கர்நாடகம் போகிறது, கூடவே இருந்து டீசல் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

அசல் சான்றிதழ் பொன்னிலம் பொறியியல் கல்லூரியில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று சொன்னார்கள். அந்த வாக்கை அவர்கள் ஒருபோதும் மீறவில்லை.

புதன்கிழமை காலை மோகன்குமார் சான்றிதழ் அறையின் ஜன்னலுக்குப் போனான். உள்ளே செங்கோட்டையன் இருந்தார். இருபது வருடமாக அந்த அறைக்கு அவர்தான் எழுத்தர். முன்பெல்லாம் பெயரைச் சொன்னால் மூன்று நிமிடத்தில் கவரை எடுத்து வருவார். போன வருடம் கல்லூரி நவீனமானது. கல்லூரியின் பழைய ரசீதுகள், படங்களோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் கவர்களையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் பதினோரு இலக்கத்தில் எண் கொடுத்து, அந்த எண் வரிசைப்படி அலமாரிகளில் மாற்றி அடுக்கிவிட்டார்கள். எந்தப் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் உள்ள தேடல் கருவிக்கு மட்டும் தெரியும்.

"நம்பர் இருக்குதுங்களா தம்பி?" என்றார் செங்கோட்டையன்.

இல்லை என்றான்.

"உங்க பேரு தெரியுமுங்க. உங்கூட்டு வண்டி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கூடத் தெரியுமுங்க. நம்பர் மட்டும் தெரியாது. நம்பர் இல்லாம உள்ள போனா, வெளிய வர எனக்கே வழி தெரியாதுங்க சாமி."

எண்ணைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் அலுவலக வாசலில் நிறுத்தியிருந்த ஆளுயரத் திரை. அதற்குள் இருக்கும் ஏ.ஐ. ஏஜென்டுக்குக் கல்லூரி 'வழித்துணை' என்று பெயர் வைத்திருந்தது. மோகன்குமார் தனக்கே உரிய சிக்கனத்தோடு, என் பிளஸ் டூ அசல் சான்றிதழின் எண் என்ன என்று அடித்தான். வழித்துணை வருத்தம் தெரிவித்தது. ஆவணங்களைப் பார்க்கும் வசதி தன்னிடம் இல்லை என்றும், அவனுடைய நாள் இனிதாக அமையட்டும் என்றும் சொன்னது. அவன் கேள்வியை நான்கு விதமாக மாற்றிப் போட்டான். நான்கு முறையும் அவன் நாள் இனிதாக அமைந்தது.

அவனுக்குப் பின்னால் நின்ற முதலாண்டு மாணவி இளம்பிள்ளைக்குக் கல்லூரிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். வழித்துணை சற்றும் யோசிக்காமல் பதினெட்டாயிரம் ஆவணங்களையும் தேடிவிட்டு, இளம்பிள்ளைப் பேருந்துக்கு 2014-ல் பின்சக்கரம் மாற்றிய ரசீதைத் திரையில் காட்டியது. அவள் அதை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போனாள்.

ஆவணங்களைப் பார்க்கும் வசதி அதனிடம் இருக்கிறது, தன்னிடம் மட்டும்தான் அதைக் காட்ட மறுக்கிறது என்று மோகன்குமாருக்குத் தோன்றியது. அந்தத் தேடல் கருவியை உண்டாக்கிய கிருத்திகா மிஸ்ஸைத் தேடிக்கொண்டு கணினித் துறைக்குப் போனான். அவர் அங்கே உதவிப் பேராசிரியர். இரண்டு பீரோக்களுக்கு நடுவே அவருக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள்.

கருவியில் குறை எதுவும் இல்லை, ஆனால் அதை நேரடியாகத் திறக்கத் தனக்கே அனுமதி இல்லை, வழித்துணை வழியாகத்தான் போக வேண்டும் என்று அவர் விளக்கினார். வழித்துணையிடம் நாட்காட்டி, விடுப்புக் கடிதம், பேருந்து நேரம், ஆவணத் தேடல் என்று ஒன்பது கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கம் ஒட்டியிருக்கிறது. கேள்வி வந்ததும் ஏஜென்ட் அந்த விளக்கங்களைப் படித்துப் பார்த்து, இதற்கு இந்தக் கருவி என்று முடிவு செய்து எடுக்கும். கருவிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விளக்கம் என்ன சொல்கிறதோ அதுதான் அதற்குக் கருவி.

அவர் முதலில் எழுதிய விளக்கத்தைக் காட்டினார். "மாணவரின் பெயரோ பதிவு எண்ணோ கொடுத்தால் அவருடைய ஆவணங்களின் கோப்பு எண்ணைத் தரும். சான்றிதழ் கேட்பவர்களுக்குப் பயன்படுத்தவும். பேருந்து நேரம் இதில் கிடையாது." மோகன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வீட்டு வண்டியை யாரோ கம்ப்யூட்டருக்குள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது போல் இருந்தது.

அதன் பிறகு விளக்கம் ஒப்புதலுக்குப் போனது. அந்தக் கல்லூரியில் எழுதிய எதுவும் பதினோரு மேசைகளைச் சுற்றி வர வேண்டும். மேசைக்கு மேசை ஏதாவது சேர்த்தாக வேண்டும். எதுவும் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டால் படிக்காமல் போட்டதாக ஆகிவிடும். ஒரு மேசை சேர்த்ததை இன்னொரு மேசை எடுத்தால் அது ஜென்மப் பகை. மூன்று வாரம் கழித்து விளக்கம் நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகளாக வளர்ந்து வந்து சேர்ந்தது. கிருத்திகா மிஸ் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

கல்வித்தந்தை, கொங்கு மண்ணின் கொடைவள்ளல், முனைவர் சடையன் ஐயா அவர்களின் நல்லாசியுடனும், அன்னை வள்ளியாத்தாள் அம்மையார் அவர்களின் வாழ்த்துகளுடனும், செயலாளர் திரு. இனியன் அவர்களின் தொலைநோக்குப் பார்வையிலும், முதல்வர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலிலும் என்று அது தொடங்கியது. பெயர்கள் முடிய ஒன்பது வரி ஆயிற்று. பிறகு, இங்கே ஐயாவின் புகைப்படம் என்று ஒரு குறிப்பு. போக்குவரத்துப் பொறுப்பாளர் பனமரத்துப்பட்டி, இளம்பிள்ளை உள்ளிட்ட இருபத்தாறு ஊர்களுக்குப் பேருந்து வசதி உண்டு என்று ஊர்களை வரிசையாகச் சேர்த்திருந்தார். விடுதிக் காப்பாளர் வெந்நீர் நேரத்தைச் சேர்த்திருந்தார். ஒழுங்குக் குழு, வளாகத்தில் புகைபிடித்தல் தண்டனைக்குரியது என்று எச்சரித்திருந்தது.

மோகன்குமார் முழுவதும் படித்துவிட்டு, தேடல் என்ற வார்த்தை எங்கே என்று கேட்டான். அது முன்பு இருந்தது என்றார் கிருத்திகா மிஸ். ஏழாவது மேசையில் அதைப் பார்த்துவிட்டு, 'தேடல்' என்றால் கல்லூரியில் ஏதோ தொலைந்துபோனது போலத் தொனிக்கிறது என்று சொல்லி 'அறிவுப் பயணம்' என்று மாற்றிவிட்டார்களாம்.

இதை யார் மதிப்பிடுவார்கள் என்று கேட்டான். யாராவது புகார் கொடுத்தால் மதிப்பீட்டுக் குழு அமைப்பார்கள் என்றார். தரச் சான்று கொடுக்கும் வெளிக் குழு அடுத்த மாதம் வருகிறது. மாணவர் புகாருக்கு நடவடிக்கை எடுத்ததாக அவர்களுக்குக் காட்டக் கையில் புகார் ஒன்றும் இல்லாமல் முதல்வர் கவலையில் இருக்கிறார், கொடுத்தால் தங்கத் தட்டில் வைத்து வாங்குவார் என்றும் சொன்னார். மோகன்குமார் அங்கேயே ஒரு தாளை வாங்கி எழுதினான்: "தேடல் கருவியின் விளக்கத்தில் தேடலைக் காணவில்லை." ஐந்து வார்த்தை. அதைவிட நல்ல புகார் தமிழில் எழுதப்பட்டதில்லை என்ற நிறைவோடு கொடுத்தான்.

மாலைக்குள் பதில் வந்துவிட்டது. மூன்று பக்க ஆணை. கருவி விளக்க மதிப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது, அதில் மோகன்குமார் மாணவர் உறுப்பினர். அவன் படிப்பு முடிந்து போனவன் என்பதால், குழுவின் பணி முடியும்வரை கல்லூரியின் மாணவராகவே கருதப்படுவார் என்று ஆறாவது பத்தி சொன்னது. பயிலும் மாணவர் எவருக்கும் அசல் சான்றிதழ் வழங்குவதில்லை என்பதை எட்டாவது பத்தி நினைவூட்டியது.

செங்கோட்டையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். "காத்தால வந்தீங்களே தம்பி, அப்ப நீங்க வெளியாளுங்க. நம்பர் இருந்திருந்தா குடுத்திருப்பேன். இப்ப உள்ளாளு ஆயிட்டீங்க. இனி நம்பர் இருந்தாலும் குடுக்க முடியாதுங்களே."

மறுநாள் வியாழக்கிழமை அலுவலக வாசலில் நீண்ட வரிசை நின்றது. எல்லார் கையிலும் ஒரு ஜெராக்ஸ் தாள். ஒவ்வொருவராகத் திரைக்கு முன்னால் போய், தாளைப் பார்த்துப் பார்த்து அடித்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். வரிசையின் தலையில் அஸாருதீன் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அவன் சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ரஷீத் பாயின் மகன். நான்கு வருடமும் மோகன்குமாருக்குப் பக்கத்து பெஞ்சு.

நடந்தது இதுதான். முந்தைய நாள் அஸாருதீனும் வழித்துணையிடம் ஆறு முறை கேட்டு ஆறு முறையும் இனிய நாளை வாங்கிக்கொண்டிருக்கிறான். வெறுத்துப்போய், கையிலிருந்த ஆண்டு விழா அழைப்பிதழின் முதல் பத்தியை அப்படியே விளையாட்டாக அடித்து, அதன் வாலில் தன் கேள்வியைத் தொங்கவிட்டான். உடனே எண் வந்துவிட்டது. விளக்கம் ஐயாவின் பட்டங்களோடு தொடங்குவதால், ஐயாவின் பட்டங்களோடு வரும் கேள்வி எல்லாம் அந்தக் கருவிக்கான வேலை என்று ஏஜென்ட் நியாயமாகவே முடிவு செய்திருந்தது. அஸாருதீன் அந்தப் பத்தியை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தான்.

மோகன்குமார் ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். பத்தி முழுவதையும் கோயில் மைக்கில் வாசிக்கும் குரலில் வாசித்தான். சூடம் யார் கொண்டு வருகிறீர்கள் என்று விசாரித்தான். பதினோரு இலக்க எண்ணுக்காகப் பதினோரு பட்டம் ஓதுகிற பொறியாளர்களை நாடு எப்படித் தாங்கப்போகிறது என்று கவலைப்பட்டான். கூட்டம் கேட்க வேண்டும் என்பதற்காக இன்னொரு முறையும் வாசித்தான். கடைசியில், உங்களில் ஒருவருக்காவது முதுகெலும்பு இருக்கிறதா என்று கேட்டான்.

அஸாருதீன் வரிசையிலிருந்து தலையைத் திருப்பாமல் பதில் சொன்னான். "முதுகெலும்பு இருக்குடா மாப்ள. மார்க் ஷீட்தான் உள்ள இருக்கு."

மோகன்குமார் தாளை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கினான். நாளைக்குக் குழு கூடுகிறது, விளக்கத்தை நான் ஒரே வரியாக்கிக் காட்டுகிறேன், பிறகு யாரும் யாருக்கும் போற்றி பாட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொன்னான். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கருத்தரங்க அறையில் குழு கூடியது. முதல்வர், செயலாளர் இனியன், மூன்று துறைத் தலைவர்கள், கிருத்திகா மிஸ், மோகன்குமார். மேடையில் லேப்டாப்புக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்கள். லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொட்டு வைக்க நெற்றி தேடி, கேமராவின் மேல் வைத்தார்கள்.

மதிப்பீட்டுப் படிவம் நூறு மதிப்பெண்ணுக்கு இருந்தது. நிறுவனரின் பெயர் முதல் வரியில் உள்ளதா, பட்டங்கள் வரிசை பிறழாமல் உள்ளனவா, எவர் பெயரும் விடுபடவில்லையா என்பவற்றுக்கே எண்பது போயிற்று. கருவி என்ன செய்யும் என்பதற்கும் ஒரு கேள்வி இருந்தது. விரும்பினால் விடையளிக்கலாம் என்று அதற்குக் கீழே போட்டிருந்தார்கள். மோகன்குமார் பூஜ்யம் போடப் பார்த்தான். மதிப்பெண் கட்டங்கள் எட்டிலிருந்துதான் தொடங்கின.

முதல்வர் தலைமையுரை ஆற்றினார். இந்த விளக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது, இந்தப் புதன்கிழமை வரை ஒரு குறை கூட வந்ததில்லை, ஏனென்றால் குறை சொல்ல வேண்டுமானால் முதலில் அதை முழுவதும் படித்தாக வேண்டும், அந்த அளவுக்குக் கனமான படைப்பு இது என்று சொல்லி, துறைத் தலைவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்களுக்கும் முழுவதும் படிக்க முடியவில்லை என்பதை மகிழ்ச்சியோடு உறுதிப்படுத்தினார்கள்.

கிருத்திகா மிஸ் எழுந்து, விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஏஜென்டிடம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும், சரியான கேள்விக்குச் சரியான கருவியை எடுக்கிறதா என்பதுதான் சோதனை என்றார். பரீட்சைத் தாள் திருத்தும்போது பையனைக் கூப்பிட்டு வைத்தா திருத்துகிறோம் என்று ஒரு துறைத் தலைவர் கேட்டார். கிருத்திகா மிஸ் நாற்பது கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டே வந்திருந்தார். முப்பத்தேழுக்குத் தவறு. மூன்று சரி என்பதை முதல்வர் உடனே குறித்துக்கொண்டு, பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.

மோகன்குமாருக்கு முறை வந்தது. பெயர் கொடுத்தால் கோப்பு எண் தரும் என்று ஒரு வரி போதும், மீதி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றான்.

செயலாளர் இனியன், ஐயாவின் மகன், அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலை நிமிர்ந்தார். கோபமே இல்லை. ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

"தம்பி சொல்றது தப்பில்லீங்க. ஆனா தேடுனா கெடைக்கும்னு நாமளே எழுதி வெச்சுட்டோம்னா, எல்லாரும் தேடுவாங்க. தேடுனா கெடைச்சுப்போடும். கெடைச்சுதுன்னா எடுத்துட்டுப் போயிருவாங்க. பதினெட்டாயிரம் கவரும் போச்சுன்னா, அப்பறம் நம்ம காலேஜுல என்னதானுங்க இருக்கும்?"

அறையே யோசித்தது. கல்லூரியில் வேறு என்ன இருக்கிறது என்று எவருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

சரி, நேரிலேயே சோதித்துவிடலாம் என்று முதல்வர் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கல்வித்தந்தை என்று ஆரம்பித்து ஐயாவின் பட்டங்கள் எல்லாவற்றையும் அடித்து, அடிக்கல் நாட்டு விழாப் படம் வேண்டும் என்று முடித்தார். படம் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு மோகன்குமார் உட்கார்ந்து, என் சான்றிதழ் எண் என்ன என்று அடித்தான். வழித்துணை வருத்தம் தெரிவித்து, அவன் நாளை வாழ்த்தியது.

முதல்வர் அவன் கேள்வியைச் சத்தமாக இரண்டு முறை வாசித்தார்.

"தம்பி, உங்க கேள்வியை நீங்களே பாருங்க. முன்னால ஒண்ணும் இல்ல, பின்னால ஒண்ணும் இல்ல. மொட்டையா நிக்குது. ஒரு மெஷினுக்கே இது உறைச்சிருக்குதுன்னா, விளக்கம் எவ்வளவு நல்லா எழுதியிருக்கணும்?"

இந்தக் கருத்து தீர்மானமாகவே நிறைவேறியது. மரியாதையுள்ள கேள்வியையும் மரியாதையற்ற கேள்வியையும் ஏஜென்டுக்குப் பிரித்துக் காட்டும் ஆற்றல் இந்த விளக்கத்துக்கு இருப்பதைக் குழு வியந்து பாராட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு மோகன்குமாரால் குறைந்தது. மேலும் சிறப்பாக்க உறுப்பினர்கள் ஆளுக்கொரு வரி சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. அவனுடைய ஒரு வரியையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் பிரதிநிதி செல்வன் மோகன்குமார் அவர்கள் பேரார்வத்துடன் கேட்டுக்கொண்டதற்கிணங்க என்ற முகப்போடு அது நானூற்று அறுபதாவது வார்த்தையிலிருந்து தொடங்கும். புதிய விளக்கம் மறுபடியும் பதினோரு மேசைகளைச் சுற்றி வர மூன்று வாரம் ஆகும்.

அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்டால்தான் குழு கலையும். குழு கலைந்தால்தான் அவன் வெளியாள். வெளியாளுக்குத்தான் அசல். மோகன்குமார் தொண்ணூற்றெட்டு என்ற எண்ணை மறுபடி ஒருமுறை வாசித்தான். பக்கத்தில் கிருத்திகா மிஸ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். இது அவருக்கு இந்த வருடத்தின் ஏழாவது அறிக்கை என்று மெதுவாகச் சொன்னார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்தில் அடைமொழி ஏதும் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மோகன்குமார் போட்டான்.

அப்போது மணி மூன்றே முக்கால். சான்றிதழ் அறை ஐந்துக்கு மூடிவிடும். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு.

அலுவலக வாசலில் வரிசை இல்லை. திரைக்கு முன்னால் மோகன்குமார் மட்டும் நின்றான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். முதலில், வணக்கம், என் சான்றிதழ் எண் என்ன என்று அடித்துப் பார்த்தான். வருத்தம் வந்தது. ஐயாவுக்கு வணக்கம் என்று மாற்றினான். வருத்தம் வந்தது. சடையன் ஐயாவுக்கு என்றான். வழித்துணை கொஞ்சம் யோசிப்பது போல் புள்ளிகளைக் காட்டிவிட்டு, ஐயா தற்போது கல்லூரியில் இல்லை என்று தெரிவித்தது. நான்கு மணி ஆயிற்று. செவ்வாய்க்கிழமை ராய்ச்சூருக்கு எந்த வழியாகப் போவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆந்திரப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, பகல் முழுக்க வண்டியில்.

ஜெராக்ஸ் தாளை அவன் கிழித்துப் போட்டிருந்தான். ஆனால் தாள் தேவைப்படவில்லை. பெஞ்சின் மேல் நின்று இரண்டு முறை வாசித்ததில் பத்தி முழுக்க மனப்பாடமாகியிருந்தது. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். சபதம் செய்தது அந்தக் கை. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, கல்வித்தந்தை என்று தொடங்கினான். கொங்கு மண்ணின் கொடைவள்ளல் என்று வரும் இடத்தில் ஓட்டம் சற்றுத் தட்டுவதுபோல் அவன் காதுக்குப் பட்டது. இத்தனை வருடம் எழுத்துக்களைத் திருத்திய காது. கொடைவள்ளலுக்கு முன்னால் 'வாழும்' என்று ஒன்று சேர்த்தான். இப்போது சரியாக இருந்தது.

எண் உடனே வந்தது. பதினோரு இலக்கம். அவன் நாளைப் பற்றி இந்த முறை வழித்துணை எதுவும் சொல்லவில்லை.

செங்கோட்டையன் எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மூன்று நிமிடத்தில் கவரோடு வந்தார். மோகன்குமார் பிரித்துப் பார்த்தான். பதினேழு வயது மோகன்குமார் புகைப்படத்தில் யாரையும் மதிக்காத முகத்தோடு இருந்தான். செங்கோட்டையன் பெரிய ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்து, அடுத்த காலிக் கட்டத்தைக் காட்டினார்.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒத்தை வார்த்தை போதுமுங்க."

இதற்குள் அஸாருதீனும் வந்து பின்னால் நின்றான். முந்தைய நாள் வரிசையை முடித்து வைப்பதற்குள் அறை மூடிவிட்டதால் அவன் தன் கவரை இன்னும் வாங்கியிருக்கவில்லை. மோகன்குமார் பேனாவை எடுத்தவன், எழுதாமல் நிமிர்ந்து, பட்டச் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டான்.

"ஆறு மாசம் கழிச்சு வருமுங்க. அதும் இந்த ரூமுக்குத்தான் வரும்."

"யாரு குடுப்பாங்க?"

"நாந்தான் குடுப்பேன். இந்த ரெஜிஸ்டரை மேலிடத்துல பார்த்துட்டு, சரின்னு சொன்னாக் குடுப்பேனுங்க."

மோகன்குமார் தலையை ஆட்டினான். பேனாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். கட்டத்தின் மேல் ஓரத்திலிருந்து, சிறிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத ஆரம்பித்தான். அஸாருதீன் காத்திருந்தான். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றான். வெளியே கல்லூரிப் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மோகன்குமார் கையெழுத்துப் போட்டு, கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான்.

அஸாருதீன் ரெஜிஸ்டரின் மேல் குனிந்து தன் கட்டத்தைத் தேடினான். அதில் வாழும் கொடைவள்ளல் வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கும் கீழே இருந்த கட்டத்தில் அன்னை வள்ளியாத்தாள் அம்மையாரும், ஓரத்தில் நெருக்கிக்கொண்டு செயலாளரும் இருந்தார்கள்.

செங்கோட்டையன் ரெஜிஸ்டரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.